கலைச்சொல் தேவை: நடுவரின் ‘ஜட்ஜ்மென்ட் கால்’

சிகாகோவிலிருந்து:

குழுவினருக்கு வணக்கம்.

பேஸ்பால் பற்றித் தமிழில் ஒரு கட்டுரைத் தொடர் எழுதிக்கொண்டிருக்கிறேன். (அடிபந்தாட்டம் என்று எழுதுகிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை.) பிட்ச்சர், கேட்ச்சர், ஸ்ட்ரைக், அவுட் எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிட்டேன். அவற்றையும் மாற்றப் போனால் வாசகர் முதல் பத்தியிலேயே கிளம்பிவிடுவார். ஆனால் ‘ஜட்ஜ்மென்ட் கால்’ (நடுவர் தானே மதிப்பிட்டுச் சொல்லும் முடிவு) என்பதற்குத் தமிழ் இல்லாமல் நகர முடியவில்லை.

எனக்குத் தேவைப்படும் இடம் இது. 2024 மே 23. சிகாகோ ஒயிட் சாக்ஸ் அணி சொந்த மைதானத்தில் பால்டிமோர் ஓரியோல்ஸிடம் 8-6 என்று பின்தங்கியிருக்கிறது. கடைசியான ஒன்பதாவது இன்னிங்ஸ், ஒரு அவுட், முதல் இரண்டு பேஸ்களிலும் ஆள் நிற்கிறார்கள். ஆண்ட்ரூ பெனின்டெண்டி அடித்த பந்து தூரம் போகாமல் உயரே எழும்புகிறது. இப்படிப்பட்ட பந்தைச் சாதாரண முயற்சியிலேயே பிடித்துவிடலாம் என்று நடுவர் கருதினால், பிடிப்பதற்கு முன்பே அடித்தவர் அவுட். இந்த விதி இல்லையென்றால் ஃபீல்டர் பந்தை வேண்டுமென்றே கீழே விட்டு, பேஸில் நிற்பவர்களில் இரண்டு பேரை வீழ்த்தலாம். சரி, அதுவரை தகராறு இல்லை. இரண்டாம் பேஸுக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஆண்ட்ரூ வான், பந்தைப் பிடிக்க வந்த கன்னர் ஹெண்டர்சனுக்கு இடைஞ்சலாக இருந்தார் என்று அவரையும் அவுட் கொடுத்தார் நடுவர். இத்தனைக்கும் ஹெண்டர்சன் பந்தைப் பிடித்துவிட்டார்! ஒரே பந்தில் இரண்டு அவுட், முன்பிருந்த ஒன்றோடு மூன்று, ஆட்டம் முடிந்தது.

இதை வீடியோவில் போட்டுப் பார்த்து மாற்றவும் விதி இடம் கொடுக்கவில்லை. அப்படி அவுட் கொடுத்தே ஆக வேண்டும் என்றில்லை, அங்கே நடுவர் தானே முடிவெடுக்க இடமுண்டு என்று லீக் பிறகு அணிக்குத் தெரிவித்ததாகச் செய்திகள் வந்தன. அதைக் கேட்டபின் ரசிகர்களின் கோபம் இரட்டிப்பானது.

‘நடுவர் தீர்ப்பு’ என்று எழுதிப் பார்த்தேன். எல்லாமே நடுவர் தீர்ப்புதானே, இதில் என்ன தனி? உங்கள் யோசனைகளைச் சொல்லுங்கள்.

அன்புடன்.

---

கோவையிலிருந்து:

> எல்லாமே நடுவர் தீர்ப்புதானே, இதில் என்ன தனி?

புதிதாக எதற்குத் தேட வேண்டும் அம்மா? சட்டத் தமிழில் விருப்புரிமை என்ற சொல் இருக்கிறது. ஆளுநரின் விருப்புரிமை அதிகாரம் என்று செய்தித்தாளில் படித்துப் பழகியதுதான். ‘நடுவர் விருப்புரிமை’ என்று எழுதுங்கள்.

---

மதுரையிலிருந்து:

ஐயா சொன்ன சொல் ஆளுநருக்குப் பொருந்தும். நடுவருக்குப் போட்டால் அவர் தன் இஷ்டத்துக்கு அவுட் கொடுத்தார் என்று ஆகிவிடும். தோற்ற அணியின் ரசிகர்கள் வேண்டுமானால் அதை விரும்பலாம், கலைச்சொல் பட்டியலில் ஏற்ற முடியாது.

என் பரிந்துரை: கண்மதிப்பு. எங்கள் பக்கம் ஆட்டுச் சந்தையில் தராசு கிடையாது. ஆட்டைத் தூக்கிப் பார்த்து, முதுகைத் தடவி, “கண்மதிப்பா பதினெட்டு கிலோ தேறும்” என்பார்கள். அந்தப் பேச்சின் மேல்தான் பணம் கைமாறும். கருவி இல்லாத இடத்தில் பழகிய கண்ணை நம்பி எடுக்கிற முடிவு. நடுவர் செய்வதும் அதுதானே? ‘கண்மதிப்பு முடிவு’ அல்லது ‘கண்மதிப்புத் தீர்ப்பு’.

---

டொராண்டோவிலிருந்து:

நல்ல இழை. எங்கள் பக்கம் நடுவரை மத்தியஸ்தர் என்றும் சொல்வோம், அதை இங்கே வலியுறுத்தப் போவதில்லை. ‘கண்மதிப்பு’ பற்றி இரண்டு தயக்கங்கள் உண்டு.

முதலாவது, கிரிக்கெட். தமிழில் விளையாட்டுச் செய்தி வாசிப்பவர்களில் பெரும்பாலானவர்களுக்கு ‘அம்பயர்ஸ் கால்’ தெரியும். எல்பிடபிள்யூ மேல்முறையீட்டில் பந்து ஸ்டம்பை உரசியும் உரசாமலும் போகிற விளிம்பில் இருந்தால், களத்தில் நடுவர் முதலில் சொன்னதே நிற்கும். அது கருவி பார்த்துவிட்டு, ‘இந்த அளவுக்குள் நான் தலையிட மாட்டேன்’ என்று ஒதுங்குவது. பேஸ்பாலில் கேட்பது அதுவல்ல. இரண்டுக்கும் ஒரே சொல் வந்தால் வாசகர் குழம்புவார்.

இரண்டாவது, கண்மதிப்பு என்றால் உத்தேசம் என்றும் ஒரு தொனி வருகிறது. பேஸ்பால் விதிநூலில் 8.02(அ) சொல்வது வேறு: பந்து எல்லைக்கு உள்ளேயா வெளியேயா, ஸ்ட்ரைக்கா இல்லையா, ஓடியவர் சேஃபா அவுட்டா என்று நடுவர் கணித்துச் சொல்லும் முடிவு இறுதியானது, அதை ஆட்சேபிக்க யாருக்கும் இடமில்லை. உத்தேசத்துக்கு இவ்வளவு கனம் தருவார்களா?

அந்தக் கனம் எவ்வளவு என்பதற்கு 2010 ஜூன் 2 ஒன்று போதும். டெட்ராய்ட் டைகர்ஸின் அர்மாண்டோ கலராகா கிளீவ்லாந்துக்கு எதிராக 26 பேரைத் தொடர்ச்சியாக அவுட்டாக்கிவிட்டார், ஒருவரும் பேஸை எட்டவில்லை. 27ஆவது ஆள் ஜேசன் டொனால்ட். பந்து முதல் பேஸுக்கு முன்னதாக வந்துவிட்டது, கலராகாவின் கால் பேஸில் இருக்கிறது, நடுவர் ஜிம் ஜாய்ஸ் சேஃப் என்று கையை விரித்தார். ஆட்டம் முடிந்து வீடியோவைப் பார்த்த ஜாய்ஸ் தவறை வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். அப்படியும் ஆணையர் பட் செலிக் முடிவை மாற்றவில்லை. கலராகாவின் பெயரில் அந்த முழுமை ஆட்டம் (27 பேரில் ஒருவரையும் பேஸை எட்ட விடாமல் முடிப்பது) இன்றும் இல்லை. அப்போது ஹோம் ரன்களுக்கு மட்டுமே வீடியோ மறுபார்வை இருந்தது. 2014இல்தான் சேஃப், அவுட் போன்றவற்றுக்கும் விரிந்தது.

இப்போது கேள்வி: ஜாய்ஸ் செய்தது விருப்புரிமையா, கண்மதிப்பா?

---

சிகாகோவிலிருந்து:

டொராண்டோ அண்ணனின் கேள்வி நல்ல இடத்தில் கொண்டுவந்து விட்டது. ஜாய்ஸுக்கு அங்கே விருப்பம் என்று ஒன்றும் இல்லை. பந்து முந்தியதா, கால் முந்தியதா? உண்மை ஒன்றுதான், அவர் கண் அதைத் தவறாகப் பார்த்தது. மே 23 ஆட்டத்தில் நிலைமை வேறு. ஆண்ட்ரூ வான் குறுக்கே இருந்தார் என்பதை எல்லோரும் பார்த்தார்கள். அது தண்டிக்க வேண்டிய இடைஞ்சலா, ஒன்பதாவது இன்னிங்ஸில் விட்டுவிடக்கூடிய இடைஞ்சலா என்பதில்தான் சண்டை. முதலாவது கண், இரண்டாவது அதிகாரம். ஆங்கிலத்தில் இரண்டையும் ஒரே பெயரில் அழைப்பதற்காக நாமும் அப்படியே செய்ய வேண்டுமா?

மைதானத்தில் உட்கார்ந்து கேட்டால் ரசிகர்களின் வசவே இரண்டு வகை என்று தெரியும். ஸ்ட்ரைக் தப்பாகப் போனால் “கண்ணாடி வாங்கிப் போடு” என்பார்கள். இடைஞ்சல், உயரப் பந்து மாதிரி முடிவுகளில் கண்ணாடி பற்றி யாரும் பேச மாட்டார்கள். “ஆட்டத்தைப் பார்க்க வந்தோமா, உன்னைப் பார்க்க வந்தோமா?” என்பார்கள். வசைக்கே இவ்வளவு வித்தியாசம் இருக்கும்போது கலைச்சொல்லுக்கு இருக்கக் கூடாதா?

கண்மதிப்புக்கு இன்னொரு ஆதரவு: அதன் இடத்தைக் கருவி எடுத்துக்கொள்ள முடிகிறது. கொரிய லீக்கில் 2024 முதல் ஸ்ட்ரைக்கா இல்லையா என்பதை முழுக்கக் கருவியே சொல்கிறது. அமெரிக்காவில் 2026 பருவத்துக்கு ஏற்றுக்கொண்டது பாதி வழி: நடுவரே சொல்வார், ஒவ்வொரு அணியும் இரண்டு முறை எதிர்க்கலாம், எதிர்ப்பு சரியென்றால் அந்த வாய்ப்பு கையிலேயே இருக்கும். பேட்டர், பிட்ச்சர், கேட்ச்சர் மூவரில் ஒருவர்தான் உடனே தொப்பியைத் தட்டிக் கேட்க வேண்டும். மேனேஜர் ஓரத்திலிருந்து சைகை காட்டக் கூடாது. எதற்குள் வந்தால் ஸ்ட்ரைக் என்று கருவி கொள்கிறதோ அந்தக் கட்டத்துக்கு அகலம் 17 அங்குலம், மேல்விளிம்பு பேட்டர் உயரத்தில் 53.5 சதவீதம், கீழ்விளிம்பு 27 சதவீதம். விதிநூலில் இருப்பதோ தோளுக்கும் இடுப்புக்கும் நடுப்புள்ளி, முழங்காலுக்குக் கீழ்க்குழி என்று ஆளுக்கு ஆள் மாறுகிற கட்டம். அதைக் கண்ணால்தான் மதிப்பிட முடியும். வானின் இடைஞ்சலை மதிப்பிட இப்படி ஒரு கட்டம் போட முடியுமா?

ஆகவே என் முன்மொழிவு. நடந்ததை நடுவர் பார்த்துச் சொல்வது கண்மதிப்புத் தீர்ப்பு. விதியே அவர் கையில் விட்டிருப்பது நடுவர் விருப்புரிமை. கோவை ஐயாவும் மதுரைத் தோழரும் ஆளுக்கொரு பாதியைப் பிடித்திருக்கிறார்கள்.

கட்டுரையில் இதற்குமேல் இன்னொன்றும் எழுத வேண்டியிருக்கிறது, அதற்கும் உங்கள் கருத்து தேவை. ஒயிட் சாக்ஸ் 2024இல் 41 வெற்றி, 121 தோல்வி. 1962இல் நியூயார்க் மெட்ஸ் தோற்ற 120ஐத் தாண்டி, 1900க்குப் பிறகு ஒரே பருவத்தில் மிக அதிகமாகத் தோற்ற அணி ஆனது. நடுவே தொடர்ச்சியாக 21 தோல்வி. இதில் நடுவர் பங்கு எவ்வளவு? மே 23ஐத் திருப்பிக் கொடுத்தாலும், அதில் அவர்களே ஜெயித்தார்கள் என்று வைத்துக்கொண்டாலும், 120. அப்படியும் மெட்ஸோடு சமம்தான்! 2021இல் 93 வெற்றி, அடுத்து 81, அடுத்து 61, அடுத்து 41. எந்த நடுவராலும் இப்படிப் படி வைத்து இறக்க முடியாது.

2020 இறுதியில், 76 வயதில், ஒன்பது ஆண்டுகளாக எந்த அணியையும் நடத்தாமலிருந்த டோனி லா ருசாவை மேனேஜராகக் கொண்டுவந்தது உரிமையாளர் ஜெர்ரி ரைன்ஸ்டார்ஃபின் முடிவு. 1986இல் அவரைத் தன் அணி நீக்கியதில் ரைன்ஸ்டார்ஃபுக்கு நெடுநாள் வருத்தம் இருந்தது. 2023 ஆகஸ்டில் நிர்வாகத்தின் தலைகளை நீக்கிவிட்டு, வெளியே தேடாமல் உள்ளேயே இருந்த கிறிஸ் கெட்ஸைப் பொறுப்பில் உட்கார வைத்தார். 2024 மார்ச்சில் முதல் பிட்ச்சர் டிலன் சீஸ் சான் டியேகோவுக்குப் போனார். ஆகஸ்டில் மேனேஜர் பெட்ரோ கிரிஃபோலின் வேலை போனது. இவற்றை எதிர்க்க ரசிகர் எந்தத் தொப்பியைத் தட்டுவார்? “அணியை விற்றுத் தொலை” என்று கோஷம் போட்டதுதான் மிச்சம். 1981 முதல் உரிமையாளராக இருப்பவர் காதில் அது விழுந்த மாதிரித் தெரியவில்லை.

தவிர, நடுவர் எங்களுக்கு எதிரி என்று புலம்பும் சாக்ஸ் ரசிகர் 2005ஐப் பற்றிப் பேச மாட்டார். அந்த ஆண்டு அமெரிக்கன் லீக் இறுதிச் சுற்றின் இரண்டாம் ஆட்டம், ஒன்பதாவது இன்னிங்ஸ், 1-1. ஏ. ஜே. பியர்சின்ஸ்கி மூன்றாவது ஸ்ட்ரைக்கில் தவறவிட்டார். ஏஞ்சல்ஸின் கேட்ச்சர் இன்னிங்ஸ் முடிந்தது என்று பந்தை உருட்டிவிட்டு நடக்கத் தொடங்கினார். பந்து தரையில் பட்டது, ஆகவே பேட்டர் இன்னும் அவுட் இல்லை என்றார் நடுவர் டக் எட்டிங்ஸ். அதற்குள் பியர்சின்ஸ்கி முதல் பேஸுக்கு ஓடிவிட்டார். அவருக்குப் பதில் ஓட வந்தவர் ஜோ கிரீடியின் அடியில் ஹோம் பேஸ் வந்து சேர்ந்து, சாக்ஸ் 2-1 என்று ஜெயித்தது. பிறகு உலகத் தொடரையும் வென்றது, 1917க்குப் பிறகு முதல் முறை. அது கண்மதிப்புத் தீர்ப்பு. அன்று யாரும் கண்ணாடி வாங்கச் சொல்லவில்லை.

---

சென்னையிலிருந்து:

அக்கா, இரண்டு சொல்லையும் வழிமொழிகிறேன். சாக்கோடு சாக்காக ‘டாங்கிங்’ என்பதற்கும் ஒரு சொல் கிடைக்குமா? அடுத்த டிராஃப்டில் (தோற்ற அணிகளுக்கு முன்னுரிமை தரும் புது ஆட்டக்காரர் தேர்வில்) நல்ல இளைஞரைப் பிடிப்பதற்காக நிர்வாகமே அணியைப் பலவீனமாக்குவது. ‘தோற்றுக்கொடுத்தல்’ சரிப்படுமா?

---

சிகாகோவிலிருந்து:

தம்பி, அந்தச் சொல்லை இதே ஊரில் இதே அணிக்காக வேறிடத்தில் பயன்படுத்தியாக வேண்டும். 1919 உலகத் தொடரில் சூதாட்டக்காரர்களிடம் காசு வாங்கிய விவகாரத்தில் ஒயிட் சாக்ஸ் ஆட்டக்காரர்கள் 8 பேருக்கு ஆயுள் தடை விதித்தார்கள். தோற்றுக்கொடுத்தல் என்றால் அதுதான், களத்தில் நின்று செய்வது. நீங்கள் கேட்பது அலுவலக அறையில் நடப்பது. அங்கே ஆட்டக்காரர்கள் உயிரைக் கொடுத்துத்தான் ஆடுவார்கள், ஆட்களே போதாது.

2024 சாக்ஸை அந்த வகையில் சேர்ப்பதிலும் எனக்குச் சந்தேகம். டிராஃப்டுக்காகத் தோற்பதைத் தடுக்க முதல் இடங்களைக் குலுக்கல் முறைக்கு மாற்றிவிட்டார்கள். அதிலும் பெரிய சந்தையில் இருக்கும் அணி அடுத்தடுத்த ஆண்டுகளில் குலுக்கலில் இடம்பெற முடியாது. 121 தோற்றும் 2025இல் சாக்ஸுக்குக் கிடைத்தது பத்தாவது தேர்வு. திட்டம் போட்டுத் தோற்றிருந்தால் அந்தத் திட்டத்தையும் சரியாகப் போடவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

---

மதுரையிலிருந்து:

‘தரிசு போடுதல்’ எப்படி இருக்கும்? அடுத்த போகத்துக்காக நிலத்தைச் சும்மா விடுவது.

---

டொராண்டோவிலிருந்து:

சும்மா விட்ட நிலத்துக்கு யாரும் டிக்கெட் விற்பதில்லை!

கண்மதிப்பும் விருப்புரிமையும் இரண்டாகப் பிரிந்ததில் எனக்கு உடன்பாடு. கிரிக்கெட்டின் ‘அம்பயர்ஸ் கால்’ இரண்டிலும் சேராமல் தனியே இருக்கட்டும்.

---

கோவையிலிருந்து:

எனக்கும் சம்மதம். பட்டியலில் ஏற்றுகிறவர் ‘கண்மதிப்பு தீர்ப்பு’ என்று ஒற்றில்லாமல் போட்டுவிட வேண்டாம். கண்மதிப்புத் தீர்ப்பு, நடுவர் விருப்புரிமை. தரிசு பற்றிய பேச்சை இந்தத் தலைப்பில் வளர்க்காமல் சென்னைத் தம்பி புது இழை தொடங்கட்டும். அதில் எனக்கும் நாலு வார்த்தை இருக்கிறது.