லெஃபெவ்ர் குடும்பப் பேர்: பாரிஸ்ல 1848 பிறப்புப் பதிவு கிடைக்கவே மாட்டேங்குது, உதவி ப்ளீஸ்

கவி_லியோன்:
வணக்கம் மக்களே. எங்க வீட்டுக்காரர் குடும்பப் பேர் லெஃபெவ்ர். மாமனார் பிறந்தநாளுக்கு வம்சாவளி போட்டுக் குடுக்கலாம்னு இறங்கி பாதில நிக்கிறேன். அவரோட கொள்ளுத்தாத்தா 1876ல பாரிஸ்ல கல்யாணம் பண்ணின பதிவு இருக்கு, அதுல 1848ல பாரிஸ்லயே பிறந்தார்னு போட்டு அப்பா அம்மா பேரும் இருக்கு, ஆனா ஆவணக் காப்பக சைட்ல பிறப்பைத் தேடினா ஒண்ணுமே வரல. பேர் பரவல் மேப்ல வேற வடக்கு மூலை மட்டும் செவந்து கிடக்கு, இவங்க என்னன்னா பரம்பரை பாரிஸ்காரங்கன்றாங்க. ஒரு கடைல இந்தப் பேருக்கு குடும்பக் கேடயம்னு ஃப்ரேம் விக்கிறாங்க, வாங்கலாமா?

நூலகப்பூனை:
தேடுறது சரிதாங்க, பதிவுதான் எரிஞ்சு போச்சு. 1871 மே மாசம் கம்யூன் சண்டையில (பாரிஸ்ல கிளர்ச்சிக்காரங்களுக்கும் அரசுப் படைக்கும் நடந்தது) நகராட்சி மாளிகையும் நீதிமன்ற வளாகமும் எரிஞ்சப்போ ஒரு காப்பி அங்க ஒரு காப்பி இங்கன்னு ரெண்டுமே காலி. 1859 வரைக்கும் உள்ள பாரிஸ் பதிவு சுமார் 80 லட்சம் போச்சு, அப்புறம் சர்ச் ஏடு, வீட்டுல வச்சிருந்த பேப்பர் எல்லாம் வச்சு மூணுல ஒரு பங்கு மாதிரிதான் திரும்ப எழுதினாங்க. அதே சைட்ல அது தனி வரிசையா இருக்கும், முதல்ல அங்க பாருங்க. அதுலயும் இல்லன்னா அவரோட அப்பா அம்மா இறப்புப் பதிவைத் தேடுங்க, 1860க்கு அப்புறம் உள்ளதெல்லாம் பத்திரமா இருக்கு, பிறந்த ஊரும் பெரும்பாலும் எழுதியிருப்பாங்க.

பெரியகுளத்தான்:
கேடயத்துக்குக் காசு குடுக்காதீங்க! லெஃபெவ்ர்னா கொல்லர். ஊருக்கு ஒரு கொல்லுப்பட்டறை, அதனால ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லாத குடும்பங்களுக்கு அங்கங்க தனித்தனியா ஒட்டின பேர் இது, எல்லாருக்கும் பொதுவா ஒரு சின்னம் எப்படி வரும்? தெக்க அதே தொழிலுக்கு ஃபாப்ர், பிரான்ஸோட மேற்கு மூலை பிரித்தானில லெ கோஃப், ஜெர்மனி எல்லையில இருக்கிற அல்சாஸ்ல ஷ்மிட். நாட்டுலயே முதலிடம் மார்த்தான், ஆனா லெஃபெவ்ரும் முதல் இருபதுக்குள்ள வரும். அந்த மேப் பெரும்பாலும் இன்சே, அதாவது பிரான்ஸ் அரசோட புள்ளிவிவரத் துறை, கணக்கை வச்சுப் போட்டது, 1891ல இருந்து 1990 வரைக்கும் பிறந்தவங்க, 25 வருஷத்துக்கு ஒரு மேப். 1891க்கு முன்னாடி அது எதுவும் சொல்லாது. இருந்தாலும் வடக்கு மாவட்டங்களான நோர், பா-த-கலே, சோம் பக்கம் செவப்பா இருக்குன்னா 19ஆம் நூற்றாண்டுல அங்கிருந்து பாரிஸ்க்கு வேலை தேடி வந்தவங்களா இருக்க நிறைய வாய்ப்பு.

நூலகப்பூனை:
ஆமா, இன்னொண்ணு. லெஃபெவ்ர்னு Lefebvre-ன்னு எழுதுறப்போ நடுவுல ஒரு பி வரும், அந்த பி போட்டும் தேடுங்க, பி இல்லாமலும் தேடுங்க. உச்சரிக்காத அந்த பி, கொல்லர்னு அர்த்தம் வர்ற லத்தீன் ஃபாபரை நினைச்சு படிச்சவங்க சொருகினது. பழைய கையெழுத்துல வி-யும் யூ-வும் ஒண்ணு மாதிரி இருக்கும், அதனால லெஃபெபூர்னே ஒரு பேர் உண்டாகிடுச்சு. 1877ல கல்யாணமானவங்களுக்கு அரசு குடுக்குற குடும்பப் புத்தகம் வந்தப்புறம்தான் ஸ்பெல்லிங் ஒரு நிலைக்கு வந்துச்சு.

பாண்டி_மச்சான்:
எங்க பாண்டிச்சேரி பக்கம் 1881ல பிரெஞ்சு அரசோட டிக்ரீ (ஆணை) வந்தப்போ, சொந்த வழக்கச் சட்டத்தை விட்டுட்டு பிரெஞ்சு சட்டத்துக்கு மாறினவங்க புதுசா குடும்பப் பேர் வச்சுக்கிட்டாங்க, அதுல சில பேர் பிரெஞ்சுப் பேராவே வச்சாங்க. பேரைப் பாத்து பூர்வீகம் சொன்னா அங்கேயும் மாட்டிப்பீங்க.

கவி_லியோன்:
கிடைச்சிருச்சு!! திரும்ப எழுதின வரிசையில இல்ல, ஆனா அப்பாவோட இறப்புப் பதிவு 1883ல, பி இல்லாத ஸ்பெல்லிங்ல, பிறந்த ஊர் அமியான்! மாமனார் ஒத்துக்கவே மாட்டேங்குறார். அடுத்து?

நூலகப்பூனை:
அமியான்னா சோம் மாவட்டக் காப்பகம். பக்கம் பக்கமா புரட்டாதீங்க, பத்து வருஷத்துக்கு ஒரு பேர் அட்டவணை இருக்கும், இறந்த வயசைக் கழிச்சுட்டு அந்த அட்டவணையில ஆரம்பிங்க. அரசுப் பதிவு ஆரம்பிச்ச 1792க்கு முன்னாடி போகுதுன்னா சர்ச் ஏடுதான். அம்மாவோட பேரையும் ஒத்துப் பாருங்க, அந்த ஊர்ல ஒரே பேர்ல நாலு லெஃபெவ்ர் இருந்தா ஆச்சரியமில்ல.