புதுப்பிப்பு: வேலை கிடைத்துவிட்டது

மூன்று வருடம் சிறையில் இருந்துவிட்டு வந்தவன், விண்ணப்பத்தில் "தண்டனை பெற்றதுண்டா?" என்ற கேள்விக்கு என்ன எழுதுவது என்று நாலு மாதத்துக்கு முன்னால் கேட்டிருந்தேன். மறைக்காதே, ஆனால் கதையாகவும் நீட்டாதே என்று பலர் சொன்னீர்கள்.

அதற்கு முன் ஓர் இடத்தில் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டிருந்தேன். வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள், பின்னணி விசாரணை முடிந்ததும் வேண்டாம் என்றுவிட்டார்கள். தண்டனையைவிட, மறைத்ததுதான் அவர்களுக்கு உறுத்தியது.

இந்த முறை ஒரு வெல்டிங் பட்டறை. "ஆம், நேரில் சொல்கிறேன்" என்று எழுதினேன். மேற்பார்வையாளர் அந்த வரியில் விரலை வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார். எனக்கு வாய் உலர்ந்துவிட்டது. என்ன குற்றம், எத்தனை வருடம், உள்ளே வெல்டிங் படித்து வாங்கிய சான்றிதழ், மூன்றே வாக்கியம். அப்புறம் நிறுத்திக்கொண்டேன். அவர் இரண்டு இரும்புத் துண்டுகளை நீட்டி, "இதை ஒட்டிக் காட்டுங்க" என்றார். கசடைத் தட்டி எடுத்துவிட்டு, இணைப்பை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். திங்கட்கிழமை வரச் சொன்னார்.

இதே நிலையில் இருப்பவர்களுக்கு ஒன்று: கேள்வியை நிதானமாகப் படியுங்கள். கைதானீர்களா என்பதும் தண்டனை பெற்றீர்களா என்பதும் ஒன்றல்ல. சில நாடுகளில் குறிப்பிட்ட காலம் கழிந்தால் சில பழைய தண்டனைகளைச் சொல்லவே வேண்டியதில்லை. இலவசச் சட்ட உதவியில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அன்று பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. என் முதல் சம்பளம் அடுத்த வாரம் வருகிறது. அப்படியே அம்மா கையில் கொடுக்கப்போகிறேன்.