மறதி நோயுள்ள முதியவருக்குத் திடீர்க் குழப்பம்: சிறுநீர்த் தொற்று என்று கொள்ளலாமா?

கேள்வி (முதியோர் இல்லச் செவிலியர்):
எங்கள் இல்லத்தில் மறதி நோயுள்ள 84 வயது அம்மா ஒருவர் இரண்டு நாட்களாக வழக்கத்தைவிட அதிகமாகக் குழம்பிப் பேசுகிறார். இரவில் உறங்குவதும் இல்லை. காய்ச்சலோ, சிறுநீர் கழிக்கையில் எரிச்சலோ இல்லை. சிறுநீர் கலங்கி, வாடை அடித்ததால் பரிசோதனைக்கு அனுப்பினோம், சீழணுக்களும் இ.கோலை கிருமியும் இருப்பதாக அறிக்கை வந்துள்ளது. உடனே ஆன்டிபயாடிக் தொடங்க வேண்டும் என்று அவருடைய மகள் வற்புறுத்துகிறார். மருத்துவரிடம் அதையே கேட்கலாமா?

மறுமொழி (முதியோர் நல மருத்துவர்):
நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் இப்போது ஆன்டிபயாடிக் தேவையில்லை என்பதே என் கருத்து. முதியோர் இல்லங்களில் வாழும் பெண்களில் 25 முதல் 50 விழுக்காட்டினரின் சிறுநீரில் எந்தத் தொந்தரவும் தராமலேயே கிருமிகள் இருக்கின்றன. பெரும்பாலும் சீழணுக்களும் உடன் இருக்கும். ஆகவே அந்த அறிக்கை கிருமி இருப்பதைக் காட்டுகிறதே தவிர, குழப்பத்துக்கு அதுதான் காரணம் என்று காட்டவில்லை. காய்ச்சல், ரத்த அழுத்தச் சரிவு, சிறுநீர்ப்பாதை அறிகுறிகள் எதுவுமின்றிக் குழப்பம் மட்டும் இருந்தால், மற்றக் காரணங்களைத் தேடியபடி கவனித்து வர வேண்டும் என்றே அமெரிக்கத் தொற்றுநோய்ச் சங்கத்தின் 2019ஆம் ஆண்டு வழிகாட்டுதலும் கூறுகிறது.

மலச்சிக்கல், சிறுநீர் தேங்குதல், நீர்ச்சத்துக் குறைவு, வெளியே சொல்லத் தெரியாத வலி, அண்மையில் சேர்த்த மாத்திரை ஆகியவற்றை இன்றே பாருங்கள். புதிதாக எரிச்சல் தோன்றினாலோ, காய்ச்சலோடு அடிவயிற்று வலி, விலாப்புற வலி, சிறுநீரில் ரத்தம் போன்றவற்றில் ஒன்று சேர்ந்தாலோ தொற்றை உறுதியாகச் சந்தேகிக்கலாம். குளிர் நடுக்கம் கண்டாலோ, எழுப்பினாலும் எழாத அளவு சோர்ந்தாலோ சிறிதும் காத்திருக்க வேண்டாம்.

மறுமொழி (செவிலியர் மேற்பார்வையாளர்):
கதீட்டர் (சிறுநீரை வெளியேற்றச் செருகும் குழாய்) உள்ளவர்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். குழாய் ஒரு மாதத்துக்கு மேல் இருந்தால் ஏறக்குறைய எல்லோருக்குமே கிருமி இருக்கும். குழாயோடு இணைத்த, சிறுநீர் சேரும் வெளிப் பையிலிருந்து ஒருபோதும் மாதிரி எடுக்காதீர்கள். குழாய் இரண்டு வாரத்துக்கு மேல் பழையதென்றால், அதை மாற்றிவிட்டுப் புதிய குழாயிலிருந்து எடுங்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. பதிவேட்டைப் பார்த்தேன்: ஐந்து நாட்களாக மலம் கழியவில்லை, போன வாரம்தான் அரிப்புக்காக இரவில் ஓர் அலர்ஜி மாத்திரை தொடங்கியிருக்கிறார்கள். மகளுக்கு எப்படி விளக்குவது?

மறுமொழி (மருந்தாளுநர்):
தூக்கம் வரவழைக்கும் பழைய வகை அலர்ஜி மாத்திரை என்றால், குழப்பம், மலச்சிக்கல், சிறுநீர்த் தேக்கம் மூன்றையும் அது ஒன்றே உண்டாக்கக் கூடும். அதை நிறுத்தலாமா, சிறுநீர்ப்பையில் தேக்கம் உள்ளதா என்று மருத்துவரிடம் இன்றே கேளுங்கள். பின்னர் ஆன்டிபயாடிக் தேவைப்பட்டால் சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் கிரியாட்டினின் என்ற ரத்தப் பரிசோதனை அளவையும் சொல்லுங்கள். சிறுநீரகம் மிகவும் தளர்ந்தவர்களுக்கு நைட்ரோஃபுரான்டாயின் என்ற ஆன்டிபயாடிக் ஏற்றதல்ல, கோ-டிரைமாக்சசோல் என்ற மற்றொன்று ரத்தத்தில் பொட்டாசியத்தை உயர்த்தும், ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்களுக்கு ரத்தக்கசிவு அபாயத்தையும் கூட்டும்.

தேவையற்ற ஆன்டிபயாடிக் கடும் வயிற்றுப்போக்கில் கொண்டுவிடலாம் என்பதை மகளிடம் பொறுமையாகச் சொல்லுங்கள். வெப்பநிலை, ரத்த அழுத்தம், குடித்த நீரின் அளவு ஆகியவற்றை வேளைதோறும் குறித்துவரும் தாளை அவரிடமே காட்டுங்கள். தாயைக் கைவிடவில்லை என்பது அவருக்குக் கண்ணால் தெரிய வேண்டும்.