காட்பாடி பெரிய வீடு (குழு)

கார்த்தி: மாமா, சத்துவாச்சாரி லேத்தில் இருந்து போன். ரேஸ் வண்டி இன்ஜினின் கிராங்க் (பிஸ்டன்கள் சுற்றிவிடும் தண்டு) 10 தவ் (தவ் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கிரைண்டிங் முடிந்தது. ஆயிலுக்குக் கிராஸ் டிரில் (ஜர்னலின் குறுக்கே முழுத் துளை) போடவா என்று கேட்கிறார்கள். மதியத்துக்குள் சொல்லணும்.

மீனா அத்தை: ஞாயிறு குடியாத்தம் நிச்சயத்துக்கு யார் யார் எந்தக் காரில்?

செல்வம் மாமா: வேண்டாம்னு சொல்லிடு. மெயின் ஜர்னலில் (கிராங்க் இன்ஜின் உடலில் உட்கார்ந்து சுற்றும் இடம்) இருந்து ராடு ஜர்னலுக்கு (பிஸ்டன் ராடு மாட்டும் இடம்) ஏற்கெனவே சாய்வாகத் துளை இருக்கு. கிராஸ் டிரில் போட்டால் ஆயில் ஜர்னலின் நடுவைத் தாண்டிப் போகணும். 7000 ஆர்பிஎம்மில் கிராங்க் சுற்றும் வேகமே ஆயிலை வெளியே தள்ளும். பம்ப் பிரஷர் அதை மீறாவிட்டால் முதலில் காய்வது ராடு பேரிங்.

சுதா: எங்களுக்கு மூணு சீட் அத்தை. தட்டுக்கு ஆற்காடு மக்கன் பேடா சொல்லட்டுமா?

பெரியப்பா (கார்த்தியின் அப்பா): திரும்பவும் இன்ஜினை இறக்கியாச்சா? அந்தப் பணத்தில் மாடி பூசியிருக்கலாம்.

கார்த்தி: நைனா, இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் ஓட வேண்டிய வண்டி.

பெரியப்பா: சுதா கல்யாணத்தன்றும் பட்டறையில்தான் நின்றது. மச்சான்தான் ஏற்றிவிடுகிறார்.

செல்வம் மாமா: பழைய கதை எதுக்கு மாமா. கார்த்தி, கவனி. கிரைண்டிங் முடிந்ததும் துளை வாய் கத்தி மாதிரி நிற்கும், பேரிங் ஷெல்லை (ஜர்னலைச் சுற்றி மாட்டும் அரைவட்டத் தகடு) சுரண்டிவிடும். சேம்பர் போட்டு (விளிம்பைச் சரித்து), பாலீஷ் செய்யச் சொல். நகத்தை ஓட்டிப் பார், தட்டக் கூடாது. ஆயில் துளைகளை அடைக்கும் பிளக் எல்லாம் கழற்றி, துளைகளுக்குள் நீளப் பிரஷ் விட்டு மண்ணெண்ணெயில் கழுவணும். உள்ளே கொஞ்சம் தூள் தங்கினாலும் புது பேரிங் போச்சு.

மீனா அத்தை: என்னங்க, இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய்க்குச் சொன்னீங்களா?

செல்வம் மாமா: சாயங்காலம் சொல்றேன்.

கார்த்தி: மெயின் பேரிங் ஷெல் மேல், கீழ் ரெண்டிலும் பள்ளம் உள்ளதே போடலாமா?

செல்வம் மாமா: கூடாது. பள்ளம் உள்ளது மேலே, பிளாக்கில் (இன்ஜின் உடலில்). கீழே கேப்பில் (பேரிங் மூடியில்) வழவழப்பானது. பிஸ்டன் அடிக்கும் பாரம் கீழ் ஷெல்லில்தான் விழும், பள்ளம் இருந்தால் தாங்கும் பரப்பு குறையும். ஜர்னலுக்கும் ஷெல்லுக்கும் இடைவெளி, ஜர்னல் விட்டம் 1 அங்குலத்துக்கு 1 தவ் கணக்கு. பிளாஸ்டிகேஜ் (நசுங்கும் அகலத்தால் இடைவெளி காட்டும் மெல்லிய இழை) வைத்து ஒவ்வொரு ஜர்னலையும் அள. பெரிய பம்ப் தேடாதே, 1000 ஆர்பிஎம்முக்கு 10 பிஎஸ்ஐ ஆயில் பிரஷர் கிடைத்தால் போதும்.

கார்த்தி: சம்ப்பில் (அடியில் உள்ள ஆயில் தொட்டியில்) தடுப்புத் தகடு?

செல்வம் மாமா: கட்டாயம். வளைவில் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கினால் பம்ப் ஸ்ட்ரெய்னர் (ஆயில் உறிஞ்சும் வடிகட்டி) காற்றை உறிஞ்சும்.

பெரியப்பா: அதுக்கு எவ்வளவு?

கார்த்தி: லேத்துக்குச் சொல்லிட்டேன், சேம்பர் மட்டும். தகடு பற்றி ராத்திரி பேசலாம் நைனா.

சுதா: பேடா ஒரு கிலோ போதுமா?

மீனா அத்தை: முதலில் வேன் யார் பேசுறது?