கொடி கவுண்டரில் அமெரிக்கா மட்டும் ஏறுகிறது. டப்பாவுக்கு வருபவர் எந்த நாடு என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

அல்சூர்வாசி:
வணக்கம். பெங்களூரு அல்சூர் ஏரிப் பக்கம், திருவள்ளுவர் சிலையிலிருந்து நடக்கிற தூரத்தில் இரண்டு வருடமாக ஒரு ஜியோகேச் வைத்திருக்கிறேன், அதாவது ஜிபிஎஸ் வைத்து ஆட்கள் தேடி வந்து, உள்ளே இருக்கும் நோட்டில் கையெழுத்துப் போட்டு, இணையத்திலும் பதிவு செய்கிற மறைவான டப்பா. வீட்டுச் சுவரில் உலக வரைபடம் மாட்டி, எந்த நாட்டிலிருந்து ஆள் வந்தாலும் அங்கே ஒரு குண்டூசி குத்துவது என் மகளின் வேலை. ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள், இந்த விஷயத்தில் என்னைவிடக் கறார்.

இதற்காக இணையத்தில் இருக்கும் கேச் பக்கத்தின் விவரப் பகுதியில், நாடு வாரியாகக் கொடி காட்டுகிற இலவச கவுண்டர் ஒன்றைப் போட்டேன். முதல் சில வாரம் ஜெர்மனி, செக், இந்தியா என்று நன்றாகத்தான் ஏறியது. அப்புறம் என்ன ஆனதோ, எல்லாமே அமெரிக்கா. நேற்று பார்த்தால் அமெரிக்கா 214, மற்ற கொடிகள் நின்ற இடத்திலேயே நிற்கின்றன. 214 அமெரிக்கர்கள் அல்சூருக்கு வந்திருந்தால் இளநீர்க்காரராவது என்னிடம் சொல்லியிருப்பார். கவுண்டரின் கோடை (code) எடுத்துவிட்டு மறுபடி ஒட்டிப் பார்த்தேன், மாற்றமில்லை. ஸ்கிரிப்ட் வகைக் கோடைப் போட்டால் சேமித்ததும் அது காணாமலே போகிறது. என்ன செய்யலாம்?

திசைகாட்டி:
ஸ்கிரிப்டை விடுங்கள் சார், விவரப் பகுதியில் படம், எழுத்து, சுட்டி மாதிரி சாதாரண எச்டிஎம்எல் மட்டும்தான் ஏற்கும். படக் கவுண்டருக்கு ஒரு சோதனை: கணினியில் பக்கத்தைத் திறந்து, கொடிப் படத்தின் மேல் ரைட் கிளிக் செய்து, படத்தைப் புது டேபில் திறந்து, மேலே முகவரி எதில் தொடங்குகிறது என்று பாருங்கள். கவுண்டர்காரரின் முகவரியா, வேறு ஏதாவதா?

அல்சூர்வாசி:
பார்த்தேன். வேறு ஏதோ நீளமான முகவரி, நடுவில்தான் கவுண்டர்காரரின் பெயர் புதைந்து கிடக்கிறது.

திசைகாட்டி:
அப்படியானால் விஷயம் தெளிவு. வெளியார் படத்தை உங்கள் உலாவி நேராகப் போய் எடுக்கவில்லை, நடுவில் ஒரு சர்வர் எடுத்து வந்து கொடுக்கிறது. அபார்ட்மென்டில் எல்லா வீட்டுப் பாலையும் வாட்ச்மேனே வாங்கி வைத்துக்கொண்டால், பால்காரருக்கு வாட்ச்மேன் முகம் மட்டும்தானே தெரியும்? அதேதான். படம் கேட்பவரின் ஐபி முகவரியை வைத்துத்தான் கவுண்டர் நாட்டை முடிவு செய்யும். இங்கே கேட்பது எப்போதும் அமெரிக்காவில் இருக்கும் அந்த சர்வர். ஜிமெயில்கூட 2013 டிசம்பரிலிருந்து மெயிலில் வரும் படங்களைத் தன் சர்வர் வழியாகத்தான் காட்டுகிறது, படிப்பவர் எங்கே இருக்கிறார் என்று அனுப்பியவருக்குத் தெரியக்கூடாது என்பதற்காக. அதனால் இது பழுதில்லை, வேண்டுமென்றே செய்வது. நீங்கள் சரிசெய்ய இதில் ஒன்றுமில்லை.

வேறு யாராவது இதே தலைப்பைத் தேடி வந்தால்: படம் தெரியவே இல்லை என்றால் அது வேறு பிரச்சினை. கோடில் பழைய எச்டிடிபி முகவரி இருக்கும், எஸ் சேர்த்துப் பாருங்கள், பல சமயம் அத்தோடு தீரும்.

ஒயிட்ஃபீல்ட் குமார்:
நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். கவுண்டர் ஒழுங்காக ஓடினாலும் அது உங்களுக்கு உதவாது. பக்கத்தைப் பார்த்தவரைத்தான் எண்ணும், ஏரிக்கரைக்கு வந்தவரை இல்லை. உங்கள் கேச் பக்கத்தை நானே பத்துப் பதினைந்து தடவை பார்த்திருப்பேன், பாதி நேரம் இணைப்பை லண்டன் வழியாகத் திருப்பிவிடும் ஆபீஸ் விபிஎன்னில், அதாவது லண்டன்காரனாக. இன்னும் அல்சூர் பக்கம் வரவில்லை (டிராஃபிக், வேறென்ன). தேடுபொறிகளின் பாட்களும் (தானாகப் பக்கங்களைத் திறந்து பார்க்கும் நிரல்கள்) சேர்ந்து எண்ணிக்கையை ஏற்றிவிடும்.

ரோமிங்கில் இன்னொரு கூத்து. வெளிநாட்டு சிம்மோடு வருபவரின் டேட்டா பெரும்பாலும் அவர் நாட்டு நெட்வொர்க் வரை போய்த்தான் வெளியே வரும், அதனால் ஏரிக்கரையில் நின்று திறந்தாலும் அவர் ஊர்க் கொடி ஏறும். அவரே ஏர்போர்ட்டில் இங்குள்ள சிம் வாங்கிவிட்டால் இந்தியா. டிராவல் இசிம் என்றால் சம்பந்தமே இல்லாத மூன்றாவது நாடு வந்தாலும் ஆச்சரியமில்லை.

டப்பாதேடி:
தம்பிமார்களே, கேச்சுக்கு வந்தவர் யார் என்று டப்பாவுக்குள்ளேயே எழுதியிருக்கும். 2000 மே 3 அன்று ஓரிகனில் டேவ் உல்மர் வைத்த வாளிதான் உலகின் முதல் ஜியோகேச், அதிலேயே ஒரு நோட்டும் பென்சிலும் இருந்தன. அதற்கு முந்தைய நாள்தான் ஜிபிஎஸ் சிக்னலில் வேண்டுமென்றே கலந்திருந்த பிழையை அமெரிக்க அரசு நிறுத்தியிருந்தது. இத்தனை வருடம் ஆகியும் நோட்டுக்கு மாற்று வரவில்லை.

அல்சூர் ஐயா, உங்கள் டப்பா நோட்டு வைக்கும் அளவு பெரியதாக இருந்தால், பக்கத்துக்கு மூன்று கோடு போட்டு தேதி, பெயர், ஊர் என்று எழுதி வையுங்கள். காலிக் கட்டத்தைப் பார்த்தால் மனுஷனுக்கு நிரப்பத்தான் தோன்றும். ஆனால் ஊர் எழுதாதவரின் இணையப் பதிவை அழிக்கக் கூடாது. கையெழுத்துக்கு மேல் கூடுதல் நிபந்தனை போடுவது 2009லேயே நின்றுவிட்டது. கேட்கலாம், கட்டாயப்படுத்த முடியாது. பேனா வேண்டாம், பென்சில் வையுங்கள். ஜெல் பேனா எழுத்து பெங்களூரு மழைக்கு ஒரே வாரத்தில் நீலக் கறையாகிவிடும், அனுபவம்.

பழைய பதிவுகளுக்கு, இணையத்தில் அவர்கள் எழுதிய வரியைப் பாருங்கள். கேச்சுக்கு நன்றி என்பதை டிஎஃப்டிசி (DFDC) என்று சுருக்கினால் ஜெர்மன், எம்பிஎல்சி (MPLC) என்றால் பிரெஞ்சு. ஆனால் ஜெர்மன் எழுதுபவர் வியன்னாக்காரராகவும் இருக்கலாம், எனவே ப்ரொஃபைலையும் திறந்து பாருங்கள். ஊர் போடாதவராக இருந்தாலும், புள்ளிவிவரத்தை மறைக்காமல் விட்டிருந்தால், எந்த நாட்டில் அதிகம் கண்டுபிடித்திருக்கிறாரோ அதுதான் அநேகமாக வீடு. அதற்கு மேல் துப்பறிய வேண்டாம், அது நாகரிகமில்லை.

மகளுக்கு இன்னொரு யோசனை, ஒரு டிராவல் பக் வாங்கி டப்பாவில் போடுங்கள். எண் பொறித்த தகடு அது, எடுப்பவர் அடுத்த ஊர் டப்பாவில் போட்டுப் பதிவு செய்தால் போன வழியெல்லாம் கிலோமீட்டரோடு வரைபடத்தில் தெரியும். வந்தவர் எங்கே திரும்பிப் போனார் என்பதும் ஒரு கணக்குதானே. தகட்டு எண்ணை மட்டும் படம் பிடித்துப் போட்டுவிடாதீர்கள்.

கேட்க மறந்தேன், டப்பா எம்இஜி, அதாவது மெட்ராஸ் சேப்பர்ஸ் ராணுவப் பிரிவின் வேலிப் பக்கம் இல்லையே? ராணுவ இடத்தை ஒட்டிப் பெட்டி வைத்தால் நாளைக்கு பாம் ஸ்குவாட் வந்து நிற்கும்.

அல்சூர்வாசி:
இல்லை ஐயா, எதிர்ப் பக்கம். மெட்ராஸ் சேப்பர்ஸ் தம்பிகளை வம்புக்கு இழுக்கும் தைரியம் எனக்கில்லை.

ஞாயிறு காலை மகளோடு போய்த் திறந்தோம். ஜிப் கவர் கிழிந்து நோட்டின் கடைசிப் பக்கங்கள் நொசநொச என்று இருந்தன, மூடியின் உள்பக்கம் இரண்டு பல்லி முட்டை. நோட்டு ஈரமாக இருந்ததால் ஒருவர் தன் பிஎம்டிசி பஸ் டிக்கெட்டின் பின்னால் பெயரும் பிர்னோ என்ற செக் நாட்டு ஊரும் எழுதி மடித்து வைத்துப் போயிருக்கிறார். மொத்தம் 31 கையெழுத்து. இணையத்தில் 27 பதிவுதான், நான்கு பேர் எழுதிவிட்டுச் சொல்லாமலே போயிருக்கிறார்கள். இந்தியா 14, ஜெர்மனி 8, செக் 3, அமெரிக்கா 2, பிரான்ஸ் 1, தெரியாதது 2.

மிச்சம் ஒன்று. உருண்டை உருண்டையாக எழுதியிருந்தது, கன்னடம் என்று நினைத்து இந்தியக் கணக்கில் சேர்க்கப் போனேன். பக்கத்து வீட்டு அம்மா கண்ணாடி போட்டுப் பார்த்துவிட்டு, இது நம் எழுத்தே இல்லை, மலையாளமாக இருக்கும் என்றார். மலையாளமும் இல்லை. படம் இணைத்திருக்கிறேன்.

திசைகாட்டி:
ஜார்ஜிய எழுத்து சார். எனக்கும் முதலில் மலையாளம் என்றுதான் தோன்றியது. ஊசியை ஜார்ஜியாவில் குத்தச் சொல்லுங்கள்.

அல்சூர்வாசி:
குத்திவிட்டாள், அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்து அட்லாண்டாவில். பிடுங்கி திபிலிசிக்கு மாற்றியாச்சு. கவுண்டரையும் எடுத்துவிட்டேன், நன்றி.