போக்கிமான்: வதந்திகள் உலாவிய காலம்தான் நல்ல காலமா?

கேம்பாய்_ரசிகன்:
விசித்திரப் பிராணிகளைப் பிடித்துச் சேர்க்கும் போக்கிமான் ரெட், ப்ளூ என்ற கேம்பாய் விளையாட்டுகள் 1998இல் அமெரிக்காவுக்கு வந்தபோது சிறுவர்களாக இருந்தவர்கள் கொடுத்துவைத்தவர்கள். எளிதில் கிடைக்காத மியூ என்ற பிராணியின் கதை ஒன்றே போதும். விளையாட்டில் வரும் வெர்மிலியன் துறைமுகத்தில் ஒரு லாரி நிற்கும். அதை நகர்த்தினால் அடியில் மியூ இருக்கும் என்று பள்ளிக்குப் பள்ளி பேச்சு. லாரியிடம் போவதே பெரும்பாடு. அங்கே நிற்கும் கப்பலில் 'கட்' என்ற செடி வெட்டும் திறனை வாங்கிக்கொண்டு கப்பலை விட்டு இறங்கினால் கப்பல் கிளம்பிவிடும், அப்புறம் அந்தப் பக்கமே போக முடியாது. அதனால் கப்பலுக்குள் வேண்டுமென்றே தோற்று வெளியேறி, பிறகு 'சர்ஃப்' என்ற திறன் கிடைத்ததும் நீந்தி வரவேண்டும். வாய்ப்பேச்சை நம்பி இவ்வளவும் செய்தார்கள்! இன்று தேடினால் அரை நிமிடத்தில் பொய் என்று தெரிந்துவிடும்.

வெண்பலகை:
பொய்யைப் பொய் என்று தெரிந்துகொள்வதில் என்ன நஷ்டம்? லாரிக்கு அடியில் ஒன்றுமே கிடையாது. ஜப்பானில் 1996இல் கோரோகோரோ என்ற சிறுவர் இதழ் மியூவைக் குலுக்கலில் 20 பேருக்குக் கொடுத்தது, கேட்டு எழுதியவர்கள் 78,000க்கு மேல். மற்ற பிள்ளைகளுக்கு ஏக்கம்தான் மிச்சம். கடாப்ரா, மச்சோக், கிராவலர், ஹான்டர் என்ற நான்கு பிராணிகளும், இரண்டு கேம்பாய்களை இணைக்கும் லிங்க் கேபிளில் கைமாறினால்தான் அடுத்த வடிவம் எடுக்கும். கேபிள் வாங்க முடியாத பிள்ளைக்கும், கூட விளையாட ஆள் இல்லாத பிள்ளைக்கும் பிடித்த பிராணிகளின் பட்டியல் கடைசிவரை நிரம்பாது. அந்தக் காலத்தைப் பொற்காலம் என்பவர்கள் இவர்களை மறந்துவிடுகிறார்கள்.

கேம்பாய்_ரசிகன்:
கேபிளைக் குறை சொல்லாதீர்கள், விளையாட்டே அதிலிருந்துதான் பிறந்தது. போக்கிமானை உருவாக்கிய சதோஷி தாஜிரி சின்ன வயதில் பூச்சி பிடித்துத் திரிந்தவர். அந்தக் கேபிள் வழியே பூச்சிகள் ஒரு பெட்டியிலிருந்து இன்னொன்றுக்கு ஊர்ந்து போவதாகக் கற்பனை செய்தார். ரெட்டில் கிடைக்கும் எக்கான்ஸ் என்ற பிராணி ப்ளூவில் கிடைக்காது. அடுத்தவனைத் தேடிப் போகட்டும் என்றே அப்படி வைத்தார்கள். உங்கள் மச்சோக் நண்பன் கைக்குப் போய் மச்சாம்ப் ஆகும். அதைத் திருப்பித் தருவான் என்பதற்கு அவன் சொன்ன சொல்லைத் தவிர வேறு உத்தரவாதம் இல்லை. முழங்கால் இடிக்கப் பக்கத்தில் உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

பழைய_பேட்டரி:
இடையில் ஒரு விஷயம். வதந்தி அத்தனை காலம் நின்றதற்குக் காரணம், மியூ நிஜமாகவே கார்ட்ரிட்ஜுக்குள் இருந்ததுதான். பிழைதிருத்தும் நிரல்களை நீக்கியதும் மிஞ்சிய சொற்ப இடத்தில் விளையாட்டின் நிரலாளர் மொரிமோட்டோ அதைச் சேர்த்துவிட்டார். பசங்க தேடிய இடம்தான் தப்பு.

வெண்பலகை:
சரி, சரியான இடம் எப்படித் தெரிந்தது? 2003இல் இணையத்தில் வந்தது. விளையாட்டில் நம்மோடு மோத வரும் ஒரு டிரெய்னர் நம்மைக் கவனிக்கும் கணத்தில் மெனுவைத் திறந்து வேறு ஊருக்குப் பறந்துவிட வேண்டும். குறிப்பிட்ட இன்னொரு டிரெய்னரோடு மோதிவிட்டு அதே சாலைக்குத் திரும்பினால் எதிரே மியூ! குலுக்கலும் வேண்டாம், கேபிளும் வேண்டாம்.

கேம்பாய்_ரசிகன்:
அத்தனை வருடம் கழித்தும் அந்தப் பழைய விளையாட்டைக் கிளறிக்கொண்டிருந்தது யார்? லாரியைத் தள்ளிப் பார்த்த தலைமுறைதானே!

வெண்பலகை:
இருக்கலாம். அவர்கள் கண்டதை எழுதி வைக்க ஓர் இடம் இருந்ததால்தான் கேபிள் இல்லாத பிள்ளைக்கும் அது போய்ச் சேர்ந்தது.