வேப்பிலைத் தூள் போட்டும் பயறு சூடாகிவிட்டது

மட்டுவில் மகள்:
இன்னும் மனம் ஆறவில்லை. நெல் வெட்டிய கையோடு விதைத்த பயறு, பத்துக் கிலோ. அம்மம்மா செய்த மாதிரியே வேப்பிலையை நிழலில் காயவைத்து, இடித்து, அரித்து, இரண்டு பிடி கலந்து தகரப் பேணியில் போட்டு மூடினேன். ஒன்றரை மாதம் கழித்துப் பயற்றங்கஞ்சிக்கு எடுக்கக் கையை விட்டேன். உள்ளே சூடு! பேணி இருந்ததோ சாமியறை மூலையில், வெய்யில் எட்டியும் பார்க்காத இடம். கையை எடுத்தால் மணிக்கட்டு வரை மண்ணிற வண்டு ஏறுகிறது. பயறெல்லாம் வட்ட வட்ட ஓட்டை. அம்மம்மாவின் பயறு அடுத்த விதைப்பு வரை இருந்ததே, எனக்கு ஏன் இப்படி?

நொச்சியடி:
வேப்பிலை போதாது அக்கா, நொச்சி போடுங்கள். 1995 போரில் யாழ்ப்பாணத்தார் இடம்பெயர்ந்தபோது கொம்பறையில், அதுதான் நெல் சேமிக்கும் கூட்டில், இருந்த நெல்லை நொச்சித் தூளோடு அப்படியே விட்டுவிட்டுத் தென்மராட்சிக்குப் போனோம். அடுத்த ஆண்டு திரும்பியபோது அப்பா வீட்டுக்குள் போகவேயில்லை. நேரே கொம்பறைக்குப் போய் ஒரு பிடி நெல்லை அள்ளி, உள்ளங்கையில் கசக்கி ஊதினார். உமி பறந்தது, அரிசி முழுசாக இருந்தது. அப்படியே குந்தியிருந்து அழுதார். நொச்சி கிடைக்காவிட்டால் வசம்பு இடித்துப் போடலாம்.

திருநெல்வேலித் தோட்டம்:
நொச்சியடி அண்ணை, நெல்லும் பயறும் ஒன்றில்லை. நெல்லுக்கு உமி இருக்கிறது, பயறுக்கு அந்தக் கவசம் கிடையாது. வசம்பு விதைக்கென்றால் சரி, சாப்பிடுகிற பயறுக்கு வேண்டாம். அதிலுள்ள அசரோன் என்ற பொருள் உடம்புக்குக் கூடாதென்றுதான் அமெரிக்காவில் 1968இல் உணவில் சேர்க்கத் தடை போட்டார்கள்.

நானும் ஒரு சாக்குக் கௌபியை (தட்டைப்பயறு) இதே வண்டுக்குக் கொடுத்தவன். அக்கா, பிழை தூளில் இல்லை. வண்டு வயலிலேயே காயில் முட்டை வைத்துவிடும். பொரித்த புழு நேரே பயற்றுக்குள் துளைத்துப் போய்விடும், அதற்குப் பிறகு மேலே பூசிய தூள் அதைத் தொடாது. ஒரு மாதத்தில் வண்டாக வெளியே வரும், ஒவ்வொன்றும் ஐம்பது, நூறு முட்டை வைக்கும். அந்தக் கூட்டத்தின் சூடுதான் உங்கள் கையில் பட்டது. ஆகவே முதலில் வெய்யில். பல்லில் கடித்தால் டக்கென்று உடைய வேண்டும், நசியக் கூடாது. ஆறவிட்டுப் பிறகு தூள். இலையை விட வேப்பங்கொட்டைப் பருப்பு வலிது, நூறு கிலோவுக்கு ஒரு கிலோ. கொட்டையை நிழலில் காயவையுங்கள், வெய்யில் பட்டால் அதன் சத்து போய்விடும். பேணியை விளிம்பு வரை நிரப்புங்கள். சமைக்க முன் நாலு தண்ணீர் கழுவுங்கள், இல்லாவிட்டால் கஞ்சி கசக்கும்.

மட்டுவில் மகள்:
தம்பி சொன்னதைப் படித்துவிட்டு, விதைக்கென்று தனியாக முட்டியில் வைத்த பயற்றைச் சுளகில் பரப்பிக் கிணற்றடிக்குக் கொண்டுபோய்ப் பார்த்தேன். ஓட்டை ஒன்றும் இல்லை. ஆனால் பயற்றின் பச்சைத் தோலில் ஊசிமுனை அளவு வெள்ளைப் புள்ளிகள், வண்டின் முட்டைதான், சிலதில் மூன்று நான்கு. அம்மம்மா இரண்டு நாள் பாயில் காயப்போட்டுக் காகம் விரட்ட என்னை இருத்தியது இப்போதுதான் ஞாபகம் வருகிறது. நான் காயவைத்தது ஒரு பின்னேரம் மட்டும்.